தூங்குகிறவர்களுக்கு ஓர் அறை

பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் ஊர் வனாம்பியின் வெப்சைட் ஒரு திங்கட்கிழமை காலை செருப்பு விற்க ஆரம்பித்தது. குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பு. இந்தச் செம்மண்ணில், இந்த முள்ளில்! டாக்டர் எந்த நாள் வருகிறார், கடை திறந்திருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்க நினைத்தவர்கள் எல்லாம் வரிசையாக நான் வேலை பார்க்கும் மீடியா அறைக்கு வந்து என் வாயைக் கிளறினார்கள். "லினெட், எனக்கு எட்டாம் நம்பர் கிடைக்குமா? சிவப்புல?" என்று கேட்டவர் ஹோரஸ் சித்தப்பா. பிறந்ததிலிருந்து காலில் எதையும் மாட்டாத மனுஷன்.

யாரோ எங்கிருந்தோ பூட்டை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். பூட்டை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மாற்ற வேண்டியவர் ஊரில் இல்லை.

அவர் என் அக்காவின் புருஷன், கிளிஃப்டன். வெப்சைட்டைக் கட்டியதே அவர்தான். ஓப்பன் சோர்ஸ் என்பார்களே, உலகத்துக்கே திறந்து வைத்த மென்பொருள், அதில் கட்டினார். யாரும் எடுக்கலாம், எப்படியும் மாற்றலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் எடுத்தவர்தான் காவலும் இருக்க வேண்டும். அக்கா இருந்தவரைக்கும் அவரும் காவல் இருந்தார். அக்கா போனதும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அப்பா ஊருக்குப் போய்விட்டார். மனைவி செத்த இடத்தில் புருஷன் இருக்கமாட்டான், எங்கள் ஆதிக்குடி வழக்கம் அப்படித்தான். போ என்று யாரும் சொல்வதில்லை. திரும்பி வா என்பதைப் பெண் வீட்டார்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அக்கா பெயரை நான் சொல்லமாட்டேன். போனவர்கள் பெயரை வாய் சொல்லக் கூடாது. குன்மனாரா என்போம், போனவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். அவர்கள் முகத்தையும் பார்க்கக் கூடாது, குரலையும் கேட்கக் கூடாது. துக்கம் ஆறியது என்று வீட்டுப் பெரியவர் சொல்லும்வரை எல்லாம் தூங்கட்டும். அதற்காகவே கிளிஃப்டன் அந்த வெப்சைட்டுக்குள் ஓர் அறை கட்டியிருந்தார். ஹோபார்ட் நகரத்தில் முகம் தெரியாத ஓர் அம்மாள், தான் எழுதி வைத்திருந்ததைச் சும்மா கொடுத்து, இப்படி மாற்று, அப்படி மாற்று என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாளாம். போட்டோவோ குரலோ அந்த அறைக்குள் போனால் யார் கண்ணுக்கும் படாது, அழியவும் அழியாது. சாவி அந்தந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும்.

அவர் ஊரில் கடைசியாகச் செய்த வேலை, தன் பெண்டாட்டியை அந்த அறைக்குள் தூங்க வைத்ததுதான். அழுதுகொண்டே உட்கார்ந்து ஒவ்வொரு ரெக்கார்டிங்கின் தலைப்பிலும் அவள் பெயரை எடுத்துவிட்டுக் குன்மனாரா என்று போட்டார். அதே குளிர்காலத்தில் அம்மாவின் அண்ணனும் போய்ச் சேர்ந்திருந்தார். அவருடையதெல்லாமும் குன்மனாராதான். எது அக்கா, எது மாமா என்று இப்போது வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அக்காதான் எங்கள் ரேடியோவில் தினமும் செய்தி வாசித்தவள். அவள் குரலைக் கேட்காமல் இந்த ஊரில் யாரும் டீ குடித்ததில்லை. இப்போது நான் வாசிக்கிறேன். என் குரல் தகரத்தில் கல் உரசுகிற மாதிரி இருக்கும், எனக்கே தெரியும். ஒவ்வொரு காலையும் அந்த மைக் முன்னால் உட்காரும்போது, எப்போது திறப்பாய் அம்மா, எப்போது அவளைத் திறப்பாய் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அம்மாவிடம் கேட்க முடியாது. அதைக் கேட்கக் கூடாது.

செருப்பு விவகாரத்துக்குப் பிறகு ஊர்க் கமிட்டி கூடி, புது வெப்சைட்டுக்கு எந்த மென்பொருள் என்று முடிவெடுக்கத் தீர்மானித்தது. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், கம்பெனிக்காரனிடம் வாடகைக்கு வாங்குவதுதான் என் கட்சி. கூப்பிட்டால் ஃபோன் எடுக்கிற ஆள் வேண்டும் எனக்கு. ஆள் ஊரைவிட்டுப் போனாலும் நின்று ஓடுகிற சாமான் வேண்டும். திறந்த மென்பொருள், சுதந்திரம் என்று பேசிவிட்டு ஒருவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போவார், செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா? நல்ல நியாயம்!

கமிட்டித் தலைவி என் அம்மா, வினிஃப்ரெட். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் கேக்கணும். கட்டினவரையும் வரச் சொல்லு" என்றாள்.

"அம்மா, ஒரே கூட்டத்துலயா? நீயும் அவருமா?"

"நான் உள்ள. அவரு வெளிய. நடுவுல உனக்கு வாய் இருக்குல்ல? சும்மாதானே கிடக்கு."

மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கமாட்டார்கள், நேராகப் பேசமாட்டார்கள். அவள் ஒரு பக்கம் வந்தால் அவர் வேறு பக்கம் சுற்றிப்போவார். அது கோபம் இல்லை, மரியாதை. பெண்டாட்டி போன பிறகும் அது மாறாது. ஆக, அக்காவுக்காக உள்ளுக்குள் அதிகம் வெந்துகொண்டிருந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டதில்லை.

கூட்டத்தன்று காலை கிளிஃப்டனின் பழைய டொயோட்டா ஊர் எல்லையில் வந்து நின்றது. கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்று வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் போனேன்.

"என்ன மச்சான், செருப்புக் கடை ஓனரே! வியாபாரமெல்லாம் எப்படி?"

"வா கொழுந்தியா. உனக்குன்னு ஒரு ஜோடி ஒதுக்கி வச்சிருக்கேன். வாயில மாட்டிக்கோ, கொஞ்சம் சத்தம் குறையும்."

சிரித்தோம். ஆனால் மனுஷன் பாதியாகியிருந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

"ஒங்க அப்பா ஊர்ல கங்காருவெல்லாம் தீர்ந்து போச்சா? இப்படி இளைச்சுப்போய் வந்து நிக்கிறீங்க."

"சமைக்க ஆள் இல்ல" என்றவர், "உள்ள இருக்கவங்க நல்லா இருக்காங்களா?" என்றார்.

"முட்டி வலி. கோபம் மட்டும் நல்லா இருக்கு."

மீடியா அறையில் அம்மா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் டாங்க் நிழலில், கிளிஃப்டன் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். இரண்டு முதுகும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

அடிலெய்டிலிருந்து கம்பெனி ஆள் தபால் விமானத்தில் வந்திருந்தான். டாரியஸ் என்று பெயர், நல்ல பையன். எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். "வெளிய ஒருத்தர் இருக்காரே, அவர் உள்ள வரலையா? வெயிலா இருக்கே" என்று கேட்டான்.

"அவரு உள்ளதான் இருக்காரு. நீ வேலையைப் பாரு" என்றார் ஹோரஸ் சித்தப்பா.

டாரியஸ் சுவரில் படம் காட்டினான். என்ன சொல்ல, எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அவ்வளவு சுத்தம். எழுத்தைத் தொட்டால் மாறுகிறது, போட்டோவை இழுத்துப் போட்டால் உட்காருகிறது. "பூட்டெல்லாம் எங்க பொறுப்பு. எப்ப உடைஞ்சாலும் எங்க ஆள் சரி பண்ணிடுவாங்க. நீங்க ஒரு ஃபோன் பண்ணா போதும்" என்றான். "கேட்டீங்களா, ஃபோன்!" என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னேன். வெளியிலிருந்து ஓர் இருமல் வந்தது.

"மேட்ச் ஸ்கோர் அன்னிக்கே வருமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஆடிட்டு இருக்கும்போதே வரும்."

"அப்ப எனக்குச் சம்மதம்" என்று சித்தப்பா கையைத் தூக்கிவிட்டார்.

அம்மா டாரியஸின் காலணியைப் பார்த்தபடி கேட்டாள். "தம்பி, உன் மெஷின்ல தூங்கறவங்களுக்கு எடம் இருக்கா?"

அவன் முழித்தான். நான் விளக்கினேன். அவன் முகம் தீவிரமாயிற்று, கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "பழசை ஒதுக்கி வைக்கிற பெட்டி ஒண்ணு இருக்கும்மா. வெளிய யாருக்கும் தெரியாது."

"யார் திறக்கலாம்?"

"பாஸ்வேர்ட் இருக்கற ஊர் ஆளுங்க. அப்புறம் ஏதாவது கெட்டுப்போனா எங்க உதவி ஆளுங்களும்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"பாதிப் பேர் அடிலெய்டு, பாதிப் பேர் மணிலா."

அம்மா யோசித்தாள். "மணிலாக்காரங்க நமக்கு எந்த வழியில சொந்தம்?"

"சொந்தம் இல்லம்மா."

"சாவியை நான் மட்டும் வச்சுக்க முடியாதா?"

"இப்போதைக்கு முடியாது. இந்த வசதி வேணும்னு எழுதிப் போடலாம். மத்த வாடிக்கையாளருங்களும் ஓட்டுப் போட்டு, நிறைய ஓட்டு விழுந்தா சேர்ப்பாங்க."

"எங்க வீட்டு ஆளு தூங்கறதுக்கு ஊரான் ஓட்டுப் போடணுமா!" என்று சித்தப்பா தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

டாரியஸ் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லவில்லை, அதற்காக அவனை மதித்தேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், எத்தனையோ பேர் இந்த ஊருக்கு வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "லினெட், வெளிய இருக்கிறவருகிட்ட கேளு. அவரு மெஷின்ல அந்த அறை திரும்ப வருமா?"

வெளியில் இருப்பவர் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மச்சான், அறை திரும்ப வருமான்னு கேக்குறாங்க" என்றேன். அவர் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

"வரும்னு சொல்லு. பழசு அழுகிப்போச்சு, முழுசா புதுசாக் கட்டணும். கட்டலாம். சாவி அவங்க கையிலதான் இருக்கும், என்கிட்டகூட இருக்காது. ஆனா ஒண்ணையும் சேர்த்துச் சொல்லு. இதுல கட்டி முடிச்சதும் வேலை முடியாது. யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும். பார்க்கலைன்னா திரும்பவும் செருப்புதான்."

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். உள்ளே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவர் பக்கமே பொரிந்தேன். "யாராவதா? யாரு மச்சான் அந்த யாராவது? ரெண்டு குளிர்காலமா யாரு பார்த்தா? அவ போனா, அவ பின்னாடியே நீங்களும் போயிட்டீங்க. ஒரே வாரத்துல எனக்கு ரெண்டு பேர் இல்லாமப் போச்சு! அந்த மைக் முன்னாடி தினம் நான் ஒருத்தி உக்காந்து சாகறேன், அது ஒங்களுக்குத் தெரியுமா?"

உள்ளே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிளிஃப்டன் மணலில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தார்.

"போகாம இருக்க முடியுமா, கொழுந்தியா?" என்றார். அவ்வளவுதான்.

அம்மா, "அவருக்கு டீ கொடுத்தியா?" என்று கேட்டாள். "மூணு சர்க்கரை." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனேன்.

திரும்பி வந்தபோது டாரியஸ் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தான். எந்த மென்பொருளை எடுத்தாலும் பழையதிலிருந்து சாமான்களைத் தூக்கி வர வேண்டும். அந்த அறையில் என்ன இருக்கிறது? எது யாருடையது? எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருக்கிறதே? "வேணும்னா எங்க ஆளுங்க ஒவ்வொண்ணாக் கேட்டுப் பிரிச்சுக் குடுத்துடுவாங்க" என்றான்.

சித்தப்பா எழுந்தே விட்டார். அம்மா கையை அசைத்து அவரை உட்காரவைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து கிளிஃப்டன் மெதுவாக, "லினெட், இதையும் உள்ள சொல்லிடு" என்றார். "பூட்டை உடைச்சவனுங்க எதை எதைத் தின்னானுங்கன்னு தெரியாது. வெளிய இருக்கிற போட்டோல பாதி போயிருக்கு. அறைக்குள்ள ஏதாவது மிச்சம் இருக்கான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்."

இத்தனை நாளும் அவள் அங்கே பத்திரமாகத் தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். இன்று இல்லாவிட்டால் நாளை கேட்பேன், நாளை இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று. அவள் அங்கே இல்லை என்றால்? அந்தக் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாதே!

இதை நான் அம்மாவிடம் திருப்பிச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், கேட்டுவிட்டது அவளுக்கு.

அவள் ரொம்ப நேரம் பாவாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு பேரும் என் வீட்டு ஆளுங்க. மகளும் அண்ணனும். நான் கேக்கறேன்" என்றாள்.

டாரியஸ் புரிந்துகொண்டான். கடைப் பக்கம் போய்வருவதாகச் சொல்லி எழுந்தான். மற்றவர்களும் போனார்கள். அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் ஜன்னலைச் சாத்தக் கை வைத்தேன்.

"அதை விடு. காத்து வரட்டும்" என்றாள் அம்மா.

காற்றே இல்லை அன்றைக்கு.

அம்மா தன் சாவிச் சொல்லை என் காதில் சொன்னாள், நான் தட்டினேன். அறை திறந்தது. வரிசையாகக் குன்மனாரா, குன்மனாரா, குன்மனாரா. முதலாவதைத் தொட்டேன். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. அதற்கடுத்ததில் செருப்பு விளம்பரம் வந்தது, நான் கெட்ட வார்த்தை சொன்னேன், அம்மா என் முதுகில் ஒன்று போட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்று திறந்தது. மாமாவின் குரல். காற்றாலையை யார் உடைத்தார்கள், அந்தக் காலத்தில் மேட்சில் தான் எப்படி ஓடினார் என்று அளந்துகொண்டிருந்தார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "பொய், ஒரு தடவைகூட இவரு கோல் போட்டதில்ல" என்றாள்.

மறுபடியும் திறக்காதவை. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. மாமா மறுபடி ஒருமுறை. பட்டியல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்ததைத் தட்டாமல் நிறுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லை, கிளிஃப்டன் மூச்சுவிடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

"தட்டு" என்றாள் அம்மா.

தட்டினேன்.

"வணக்கம் வனாம்பி, எழுந்தாச்சா, இல்ல நான் வந்து எழுப்பணுமா?"

ஐயோ. அக்கா.

"வெள்ளிக்கிழமை கடை லீவு, இன்னிக்கே மாவும் சர்க்கரையும் வாங்கிக்கோங்க. கிளினிக்ல இருந்து ஒரு அறிவிப்பு. பேண்டேஜ் பெட்டியை ஒரு நாய் தின்னுடுச்சு. யாரோட நாய்னு எனக்குத் தெரியும், பேரைச் சொல்ல மாட்டேன், ஹோரஸ் சித்தப்பா வந்து பதில் சொல்லவும்... கிளிஃப்டன்! மைக்கைத் தள்ளிப் பிடிங்க, மூக்குக்குள்ள விடுறீங்களே!" பிறகு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முதலில் சத்தமில்லாமல் மூச்சாக வரும், அப்புறம் அடக்க முடியாமல் உடைந்து கொட்டும். பின்னால் அவர் சிரிப்பதும் கேட்டது. இரண்டு பேரும் நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரெக்கார்டிங் முடிந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிருகம் அடிபட்டால் அப்படிக் கத்தும். நான் திரும்பவில்லை. அம்மாவும் திரும்பவில்லை, அவள் திரும்பக் கூடாது. ஆனால் பின்னுக்குச் சாய்ந்து, தன் முதுகைச் சுவரோடு நன்றாக அழுத்திக்கொண்டாள். அவர் சாய்ந்திருந்த அதே இடத்தில்.

மீதி இருந்ததையும் பார்த்தோம். அக்காவின் ரெக்கார்டிங் இன்னும் சில பிழைத்திருந்தன. அம்மா அவற்றைக் கேட்கவில்லை, முதல் சொல்லிலேயே நிறுத்தச் சொன்னாள். இருக்கிறாள் என்று தெரிந்தது, போதும் என்றாள்.

"ஊருக்குத் திறந்துடலாமா அம்மா?" கேட்கக் கூடாததைக் கேட்டேவிட்டேன்.

"வேண்டாம். இன்னும் தூங்கட்டும்."

எனக்கு ஆத்திரம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். இரண்டு வருஷமாக அந்தக் குரலுக்காக ஏங்கினேனே, அது வந்தால் எனக்கு ஏதோ சொல்லும் என்று நினைத்திருக்கிறேன். எனக்கென்று ஏதோ ஒன்று. அவள் மாவையும் சர்க்கரையையும் பற்றித்தான் பேசினாள். நாளைக்குத் திறந்தாலும் அதையேதான் பேசுவாள், என்றைக்கும் அதே நாய்தான், அதே பேண்டேஜ்தான். அறை மூடியிருக்கும்வரை, அவள் இன்னும் ஏதோ சொல்வதற்கு இருக்கிறாள். அம்மாவுக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அம்மா சுருக்கமாக முடித்தாள். திறந்த மென்பொருள்தான், அறையைத் திரும்பக் கட்ட வேண்டும், சாவி இங்கேயே இருக்கும். சித்தப்பா மறுபடி கையைத் தூக்கினார். டாரியஸ் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கங்காரு வால் சுட்டதில் பெரிய துண்டு ஒன்றை அவனுக்குக் கொடுத்தோம், அதைக் கையில் பிடித்துக்கொண்டு விமானத்துக்குப் போனான். என் ஃபோன் எடுக்கிற ஆளும் அவனோடு பறந்துபோனான். போகட்டும்.

நாங்கள் மறுபடி தனியாக இருந்தபோது அம்மா கேட்டாள், "அந்த அறையை இனிமே யார் பார்த்துக்குவா?"

ஜன்னலில் தலையை நீட்டினேன். கிளிஃப்டன் முகத்தைத் துடைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்திருந்தார். டீ கோப்பை காலியாக இருந்தது.

"நான் பார்த்துக்கறேன்னு சொல்லு" என்றார். "இதுல ஒரு வசதி இருக்கு, லினெட். எங்கேருந்து வேணும்னாலும் பார்க்கலாம். சாட்டிலைட் இருந்தா போதும். நான் எங்க அப்பா ஊர்லேருந்தே எல்லாத்தையும் பார்த்துக்குவேன். இங்க யாருக்கும் தொந்தரவு இருக்காது."

நான் உள்ளே திரும்பினேன். "அவரே பார்த்துக்குவாராம். அவரு அப்பா ஊர்லேருந்தே பார்க்கலாமாம்."

"அது முடியாதுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"எது?"

"அங்கேருந்து பார்க்கறது."

"முடியும்மா. எங்கேருந்தும் முடியும். அதுக்குத்தானே..."

"முடியாது. இங்கேருந்துதான் பார்க்க முடியும்னு சொல்லு."

"அம்மா, அதைக் கட்டினதே அவருதான்! அவருகிட்டப் போய் நான்..."

"லினெட்!" அவள் குரல் உடைந்தது. என் அம்மாவின் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. "இங்கேருந்துதான் முடியும். சொல்லுடி."

அவர் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார். ஆனால் முறை முறைதான். நான் ஜன்னலில் தலையை நீட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"மச்சான், அங்கேருந்து முடியாதாம். இங்கேருந்துதான் பார்க்க முடியுமாம்."

கிளிஃப்டன் தொப்பியைக் கழற்றி முகத்தின் மேல் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் காத்திருந்தேன்.

"ஆமான்னு சொல்லு" என்றார் தொப்பிக்குள்ளிருந்து. "இங்கேருந்துதான் முடியும்."

உள்ளே திரும்பினேன். "ஆமாவாம், அம்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.